செப்புத் தகட்டுக்கு முன்னால்

யோகலட்சுமிக்குக் கோபம் வரும் என்பது அவள் புருஷனுக்கே தெரியாது. வராத நாள் கிடையாது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது அவள் குரல் நடுங்கியது. வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் காதிலேயே இருந்தது.

அப்புறம் ஆமத்தூரில் கல்யாணம். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்காருவாள். வேன் முழுக்க ஊர்க்கதை ஓடும். ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துக்கொண்டே வருவாள், வாயைத் திறக்க மாட்டாள். போர்மேன் மணிமுத்து அவளுக்கு 'நமுத்த வெடி' என்று பெயர் வைத்திருந்தான். அதைக் கேட்டு முதலில் சிரித்தது அவள் நாத்தனார் கற்பகம்தான். அவளும் அதே கம்பெனி, அதே வேன்.

வெடிமருந்து செலுத்தும் அறைகள் வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொரு வாசல் சுவரிலும் ஒரு செப்புத் தகடு. உள்ளே போகிறவர்கள் இரண்டு உள்ளங்கையையும் அதில் அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். முதலாளியே வந்தாலும் தொடாமல் நுழையக் கூடாது. அதில் மட்டும் மணிமுத்து ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

இன்னொரு விதி இருந்தது. அன்றன்று கலந்த மருந்தை அன்றே செலுத்திவிட வேண்டும். மீந்ததைத் தூரத்துக் குழிக்குக் கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி கிடந்த மருந்து எப்போது சூடேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தீபாவளி சீசன் வந்துவிட்டால் மணிமுத்து இந்த விதியைக் கண்டுகொள்ள மாட்டான். சனிக்கிழமை மீந்தது ஞாயிறு முழுக்கக் கிடந்து திங்கட்கிழமை காலையில் காத்திருக்கும். அந்த அறைக்குப் போகச் சொன்னால் ஒருத்திக்கு இடுப்பு வலிக்கும், ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், கற்பகம் வேன் நிற்கிற இடம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவாள். ஒன்றும் சொல்லாதவள் ஒருத்திதான்.

"ஏ யோகம், நீ போ."

யோகலட்சுமி போவாள். பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டைத் தொடுவாள். உள்ளே ஒவ்வொரு குழாயிலும் மருந்தைச் செலுத்தும்போது மணிமுத்துவை, கற்பகத்தை, அந்த வாத்தியாரை, எல்லோரையும் மனசுக்குள் வைது தீர்ப்பாள். கை மட்டும் பூப்போல இருக்கும். அங்கே கோபத்தைக் கையில் காட்ட முடியாது.

வேறொரு கம்பெனியில் விபத்து நடந்த பிறகு, ஒரு தொண்டு நிறுவனம் ஆமத்தூர் மகளிர் குழுக் கட்டடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மனநல ஆலோசகரை அனுப்பியது. அருணாதேவி என்று விருதுநகர்ப் பெண். கற்பகம்தான் யோகலட்சுமியை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒரு விசேஷ வீட்டுல நாலு பேர வாங்கன்னு சொல்லத் தெரியல உங்களுக்கு. எனக்குல்ல மானம் போவுது. வாங்க மதினி, அந்தப் பிள்ளை பேசக் கத்துக் குடுக்குதாம்."

கத்துக் குடுக்குதாம். அதைக் கேட்டதுமே யோகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் போனாள். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் எதற்கு அங்கே போகிறாள்?

ஒவ்வொரு வாரமும் அருணாதேவி எதையாவது செய்யச் சொல்லுவாள். கண்ணைப் பார்த்துப் பேசணும். எதிர்வீட்டாரிடம் போய் நலம் விசாரிக்கணும். யோகலட்சுமி தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். ஒருநாள் அருணாதேவி மெதுவாகக் கேட்டாள்.

"வரும்போதெல்லாம் அந்த இரும்புக் கதவ ரெண்டு கையாலயும் அழுத்திட்டு வர்றீங்க. வாசலப் பாத்தேதான் உக்கார்றீங்க. மனுஷங்களக் கண்டா அவ்வளவு பயமா?"

யோகலட்சுமிக்குக் காது சிவந்துவிட்டது.

"பயமா? நாங்க வேலை பாக்குற ரூம்ல தகட்டத் தொடாம நுழைஞ்சா எல்லாரும் செத்துருவோம் டீச்சர். வாசலப் பாத்து உக்காந்தாத்தான் ஓட முடியும். கை அதுவாத் தொடுது, கண்ணு அதுவாப் பாக்குது. இதுவும் எங்கிட்ட உள்ள சீக்கா?"

சொன்ன பிறகுதான் தன் குரல் இவ்வளவு நேரம் கேட்டது அவளுக்கே உறைத்தது.

"நான் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சிருங்க" என்றாள் அருணாதேவி. "இதே குரல்ல யாருகிட்ட என்ன சொல்லணும்?"

அப்போதுதான் திங்கட்கிழமைக் கதை வெளியே வந்தது. அருணாதேவி ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, இதுதான் மணிமுத்து, சொல்லுங்க என்றாள்.

"முடியாதுங்க அண்ணாச்சி, கோவிச்சுக்காதீக."

"கோவிச்சுக்காதீக வேண்டாம்."

"முடியாதுங்க அண்ணாச்சி."

"அண்ணாச்சியும் வேண்டாம்."

"அண்ணாச்சி இல்லாம எப்பிடி டீச்சர்? மருவாதி இல்ல?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு போய்விட்டது. சாகப்போகிற இடத்துக்கு அனுப்புகிறவனுக்கு மரியாதை குறையாமல் எப்படி மறுப்பது என்று தானே உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. வேன் நின்று எல்லோரும் இறங்கியதுமே மணிமுத்து கையைக் காட்டினான்.

"ஏ யோகம், கடைசி ரூம்ல சனிக்கிழமை மருந்து கிடக்கு. லோடு ஏத்தணும். வெரசாப் போ."

கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கற்பகமும் தரையைத்தான் பார்த்தாள். யோகலட்சுமி வாசல் வரைக்கும் நடந்துவிட்டாள், பழக்கம். நாற்காலியிடம் சொல்லிப் பார்த்த வார்த்தை வெளியே வரவில்லை. தகட்டுக்கு நேராக நின்றாள். கை தானாக எழுந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் கை மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"என்ன நிக்கே? தொட்டுட்டு உள்ள போ."

"தொட மாட்டேன்."

குரல் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

"அந்த விருதுநகரு டீச்சரு சொல்லிக் குடுத்தாளாக்கும்?"

"தொடாம உள்ள போகக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக அண்ணாச்சி. நான் தொடல."

மணிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இவ கெடக்கா. கற்பகம், நீ போ" என்றான்.

கற்பகம் கத்தினால் அவளுக்குப் பதிலாகப் போக இப்போது யோகலட்சுமி இல்லை. ஊருக்கே கேட்கக் கத்துகிறவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். யோகலட்சுமிக்கு அதுதான் தாங்கவில்லை. தகட்டின் மேல் முதுகைச் சாய்த்து முழுசாக மறைத்துக்கொண்டாள்.

"இவளும் தொட மாட்டா. யாரும் தொட மாட்டாக. அந்த மருந்தக் குழிக்கு அனுப்புங்க."

"ஆர்டர் நின்னா முதலாளிகிட்ட நீ பதில் சொல்லுவியா?"

"சொல்லுவேன். கூப்பிடுங்க."

முதலாளியைக் கூப்பிட்டால் சனிக்கிழமை மருந்து ஏன் கிடக்கிறது என்பதில்தான் பேச்சு ஆரம்பிக்கும். மணிமுத்துவுக்கு அது தெரியும். அவன் காறித் துப்பிவிட்டு, குழிக்குக் கொண்டுபோகிற ஆளைக் கூப்பிட்டான். அறையைத் துடைத்து, புது மருந்து கலந்து வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் யோகலட்சுமி தகட்டில் இரண்டு கையையும் வைத்தாள். உள்ளே போனாள். அன்றைக்கும் எல்லோரையும் வைதுகொண்டேதான் வேலை பார்த்தாள்.

வேனில் கற்பகம் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மதினி, எனக்கு உசுரே போயிருச்சு. உங்களுக்கு இம்புட்டு வாய் எங்கன இருந்துச்சு?"

"பேசாம வா."

ஞாயிற்றுக்கிழமை அவள் கற்பகத்தின் கையைப் பிடித்து மகளிர் குழுக் கட்டடத்துக்குள் கூட்டிப்போனாள்.

"டீச்சர், இவளுக்குச் சொல்லிக் குடுங்க. சத்தம் மட்டும்தான் இருக்கு."

அருணாதேவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். கற்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலி நாற்காலியிடம் பேச நான் என்ன பைத்தியமா என்றாள். யோகலட்சுமி சிரிக்கவில்லை. நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி வாசலைக் காட்டினாள்.

"ஏ கற்பகம், கடைசி ரூம்ல மருந்து கிடக்கு. நீ போ."

கற்பகத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சொல்லுடி" என்றாள் யோகலட்சுமி. "சொல்லு."