சக்திச் சொட்டு

மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் தொழிலை மகனிடம் ஒப்படைத்த பின்னர், சனிக்கிழமைதோறும் கடுகண்ணாவையிலிருந்து பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லத் தொடங்கினேன். பௌதிகவியல் முதுமாணிப் பட்ட வகுப்பு அங்கே நடைபெற்றது. பட்டமில்லாத எனக்கு அதில் மாணவனாக இடமில்லை. ஆயினும், பின்வரிசையில் அமர்ந்து கேட்பதற்கு, சிங்களவரான விரிவுரையாளர் அம்மையார் இணங்கினார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே. தவணையின் நடுவே மற்றவர்களைப் போல நானும் ஆங்கிலத்தில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். அது வகுப்புக்கு ஒத்துவந்தால் தொடரலாம், இல்லையேல் அத்துடன் நின்றுவிட வேண்டும்.

ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து இலத்திரன் வெளியேறும் விளைவையே பேசத் தெரிவுசெய்தேன். நான் கற்றவையெல்லாம் தமிழ்ப் பாடநூல்கள். சக்தி தொடர்ச்சியாக வருவதில்லை, சொட்டுச் சொட்டாகவே வருகிறது என்று அவை கூறும். குவாண்டம் என்பது பாடத்தின் பெயர், சொட்டு என்பது அப்பாடத்தின் உள்ளே இருக்கும் பொருள் என நான் பிரித்து எண்ணியிருந்தேன். இரண்டும் ஒன்றே என்பதை எனக்கு உணர்த்துவார் எவருமில்லை. ஆகவே உரையைத் தமிழில் எழுதி, அகராதியின் துணையுடன் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலமாக்கினேன். சக்திச் சொட்டு, ‘எனர்ஜி டிரொப்’ ஆயிற்று.

ஓர் எனர்ஜி டிரொப்பினால் இலத்திரன் வெளியே வருகிறது என்றேன். டிரொப் பெரிதானால் இலத்திரனின் வேகமும் கூடும் என்றேன். அம்மையார் புருவத்தை நெரித்து, குறைந்துபோன அந்தச் சக்தி எங்கே செல்கிறது என்று வினவினார். இலத்திரனுக்குள் என்றேன். அப்படியானால் இலத்திரனின் சக்தி கூடுகிறதல்லவா என்றார். ஆம், டிரொப்பினால்தான் கூடுகிறது என்றேன். வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் அதே வினாவை வேறு விதமாகக் கேட்டார். நானும் அதே விடையைச் சற்று உரத்துச் சொன்னேன். எங்கே பிழை என்று எனக்குப் புலப்படவில்லை. பிழை இருப்பது மட்டும் எல்லோருடைய முகத்திலும் தெரிந்தது.

முன்வரிசையில் இருந்தவர் திகனயில் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை. முக்காட்டு முனையால் வாயை மறைத்துக்கொண்டு சிறிது நேரம் சிரிப்பில் குலுங்கியவர், என்னை நோக்கித் தமிழில் சொன்னார்:

“அங்கிள், நீங்க சொல்றது சொட்டு. இவங்களுக்கு விளங்குறது இறக்கம்.”

பின்பு அவரே அதை ஆங்கிலத்தில் விளக்கினார். வகுப்பு சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. சொட்டு என்றால் அதைப் பாதியாகப் பிரிக்கலாமா என்று கேட்டார். நீர்ச்சொட்டைப் பிரிக்கலாம், இதனைப் பிரிக்கவியலாது என்றேன். வரும் வழியில் அது பரவுமா என்றார். பரவாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், ஒளி அலையாகப் பரவி இரு துளைகளூடாகவும் செல்கிறது என்று முந்திய வாரம் அவரே கற்பித்திருந்தார். பரவினால் அது சொட்டாகாது. பரவாவிட்டால் அவர் கற்பித்தது பொய்யாகும். தெரியவில்லை என்று கூறி நின்றேன். தேநீருக்குப் பின் முடிவு சொல்வதாகக் கூறி அவர் எழுந்துவிட்டார்.

தேநீர்க் கோப்பை கையில் ஆறிக்கொண்டிருந்தது. ஆசிரியை அருகில் வந்தார்.

“நானும் புள்ளைகளுக்கு குவாண்டம் நம்பர சொட்டெண் என்டுதான் படிச்சுக் குடுக்குறேன், அங்கிள். சொட்டு என்டா என்னான்னு ஒரு புள்ளயும் கேட்டதில்ல. கேட்டா எனக்கும் தெரியாது.”

“டீச்சரே இப்படிச் சொன்னா, நான் எங்கங்க போய்க் கேக்குறது?”

“அவங்கள்ட்டயே கேளுங்க. அவங்களுக்கும் தெரியாதாயிருக்கும்.”

அம்மையார் எங்களைக் கடந்து சென்றபோது, உரை தேறவில்லை, ஆயினும் தொடர்ந்து வரலாம் என்றார். டிரொப் என்ற அந்தச் சொல்லை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருமாறு பணித்தார். நன்றி கூறினேன். அதை விட்டுவிட்டால் அதனிடத்தில் எதை வைப்பது என்று கேட்பதற்குள் அவர் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். இலத்திரனின் சுழற்சியைப் பற்றி அம்மையார் பலகை நிறையச் சமன்பாடுகளை எழுதினார். எழுதி முடித்தபின், சுழற்சி என்பது வெறும் பெயர்தான், உண்மையில் அங்கே எதுவும் சுழல்வதில்லை என்றார். முன்வரிசை ஆசிரியை திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கையை உயர்த்தினேன்.