ரெண்டு கண்ணுக்கு ரெண்டு வெள்ளை

எனக்கு வயசு எழுபத்தி மூணு. பெத்து வளர்த்தது நாலு, அண்ணன் மகளையும் சேத்தா அஞ்சு. பள்ளிக்கூடம் போனது ரெண்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதனால நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுறா. வார்த்தை என்னோடது, கையெழுத்துதான் அவளோடது.

போடியில இந்த வீட்டைக் கட்டி முடிக்கிற வரைக்கும் சுவத்துக்கு என்ன நிறம்னு யாரும் என்னைக் கேட்டதில்லை. கல்யாணமாகி மலையேறுனதுல இருந்து ஏலத்தோட்டத்து லயத்துலதான், கூலியாளுக வரிசை வீட்டுல, குடியிருந்தோம். வருசத்துக்கு ஒருக்கா தோட்டத்து ஆளுக வந்து வரிசையா எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போவாக. ஒரு மழைக்காலம் முடியறதுக்குள்ள புகையும் ஓதமும் ஏறி, அது என்ன நிறம்னு கேட்டா சொல்லத் தெரியாது. அதனால இந்த வீட்டைப் பூசி முடிச்சதுமே மகன்கிட்டச் சொல்லிட்டேன். "உள்ள அம்புட்டும் வெள்ளை. எந்த வெள்ளைங்கிறதை நான் சொல்றேன்."

சொல்றதுக்கு எனக்குத் தகுதி உண்டு. ஏலச்செடியடியில குனிஞ்சு உக்காந்து முத்துன காயை மட்டும் எடுக்கணும், பிஞ்சை விட்டுறணும். ரெண்டும் பச்சைதான். என் கூடையில பிஞ்சு கிடந்துச்சுன்னு கங்காணி ஒரு நாள் சொன்னதில்லை. கண்ணுதான் எனக்குச் சோறு போட்டது.

மகன் கடையில இருந்து ஒரு அட்டை கொண்டாந்தான். அட்டை பூராவும் கட்டம் கட்டமா வெள்ளை. முத்து, தந்தம், பாலாடை, பனின்னு பேத்தி பேரை வாசிச்சா. எனக்குப் பாதி மஞ்சளாத் தெரிஞ்சுச்சு. பெயிண்ட் அடிக்கிற தம்பி ராசிங்காபுரத்துக்காரர். "அட்டையைப் பாத்து முடிவு பண்ணாதீங்க ஆத்தா. சுவத்துல அடிச்சுக் காட்டுறேன். காலையில பாருங்க, உச்சிப்பொழுதுல பாருங்க, பொழுது மலைக்குப் பின்னாடி இறங்குனதும் பாருங்க"ன்னார். எங்க ஹால் சன்னல் மேக்க பாத்தது. மலை மறைச்சுக்கிடும், ஊருக்கெல்லாம் வெயில் இருக்கயிலேயே இங்க நிழல் வந்துரும்.

ஹால் சுவத்துல ரெண்டு திட்டு அடிச்சார். மூணு பொழுதும் பாத்தேன். பாலாடைன்னு பேரு போட்டது மஞ்சத்தண்ணி தெளிச்ச மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு கறந்த பால். பாலைக் காட்டுனேன்.

மகன் தலையைச் சொறிஞ்சான். "அம்மா, இது நீலம் அடிக்குதே."

"உன் கண்ணுக்கு அடிக்கும். பொழுதன்னைக்கும் போனைப் பாத்தா எல்லாம் நீலமாத்தான் தெரியும்."

மருமக அடுப்படியில இருந்தே சொன்னா: "அத்தை சொன்னா சரிதான். வேட்டி பழுப்பா இருக்கு, சொட்டு நீலம் பத்தலைன்னு தினம் சொல்றாக. சுவத்துலயாவது பத்துற அளவுக்கு இருக்கட்டும்."

குத்தல்தான். காதுல விழாத மாதிரி இருந்துக்கிட்டேன். முதல்ல என் ரூம்பை அடிச்சாக. படுத்துக்கிட்டுச் சுவத்தைப் பாத்தா மனசு நிறைஞ்சு போச்சு.

அதுக்கப்புறம்தான் கண்ணு ஆபரேஷன். ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணை இப்பச் செய்வோம், இடது கண்ணுக்குப் பெறகு வாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். முடிச்சு வீட்டுக்கு வந்து, கட்டுப் பிரிச்ச பெறகு, என் ரூம்புல உக்காந்து கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுனேன்.

சுவரு நீலமா இருந்துச்சு. அலசத் தெரியாதவ நீலத்தை அள்ளிக் கொட்டி முக்குன துணி மாதிரி. வேற யாரு ரூம்புக்குள்ளயோ வந்துட்டேனோன்னு நினைச்சேன். வலது கண்ணைப் பொத்துனேன், பால். இடது கண்ணைப் பொத்துனேன், நீலம்.

யாருகிட்டயும் மூச்சு விடலை. அன்னைக்குப் பூராவும் வீட்டுல இருக்கிற வெள்ளையை எல்லாம் ஒத்தைக் கண்ணால பாத்துக்கிட்டே திரிஞ்சேன். சோறு, உப்பு, கொடியில கிடந்த மகன் வேட்டி. நான் பழுப்புன்னு சொன்ன வேட்டிதான் அது. புதுக்கண்ணுக்குப் பளிச்சுன்னு கிடக்கு. இந்த மஞ்சள் என்னைக்கு என் கண்ணுக்குள்ள வந்துச்சு? பக்கத்துலயே இருக்கிற பிள்ளை வளர்றது தெரியாத மாதிரி, இதுவும் தெரியாமலே வந்து உக்காந்துருக்கு. என் வீட்டுக்காரரு கடைசியாக் கட்டியிருந்த வேட்டி எனக்கு ஒரு நிறத்துல ஞாபகம் இருக்கு. அது வேட்டியோட நிறமா, என் கண்ணோட நிறமா? யாரைப் போய்க் கேக்க?

மறுநாள் மகன் வண்டிச் சாவியோட வந்து நிக்கிறான். "அம்மா, ஹாலுக்கும் அடுப்படிக்கும் அதே வெள்ளைதானே? கலந்துட்டாக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்."

அவனுக்கு அது பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும். என் சொல்லுக்காக வாங்கப் போறான். ஆமான்னு சொன்னா என் சொல்லு நிக்கும், வீடும் நீலமா நிக்கும். இல்லைன்னு சொன்னா, இனிமே எதுக்கு வாய் திறந்தாலும் 'அம்மா கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்'னு ஆயிரும். குழம்புல உப்புக் கூடிருச்சுன்னு சொன்னாக்கூட என் நாக்கைச் சந்தேகப்படுவாக.

"இரு, வர்றேன்"னு சொல்லிட்டு அந்த ரெண்டு திட்டுக்கு முன்னாடி போய் நின்னேன். முந்தானையால ஒரு கண்ணைப் பொத்திப் பாத்தேன், மாத்திப் பொத்திப் பாத்தேன். பின்னாடி மருமக நின்னுருக்கா.

"என்னத்தை, சுவத்தைப் பாத்துக் கண்ணடிக்கிறீக?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்ச பெறகு எங்கிட்டு மறைக்க? "அடியே, ரெண்டு கண்ணும் ரெண்டு வெள்ளையைச் சொல்லுதுடி. பழைய கண்ணு பேச்சைக் கேட்டு என் ரூம்புக்கு நீலத்தை அடிச்சுட்டேன்."

அவளும் சிரிச்சா, நல்லாவே சிரிச்சா. பெறகு என் பக்கத்துல வந்து நின்னு, அவளும் ஒரு கண்ணைப் பொத்திப் பாத்தா.

"எனக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணைத்தான் சொல்லுது அத்தை. அந்தப் பாலாடை. சாயங்காலம் ஹால் இருட்டடிக்காது."

"அப்ப அதையே கொண்டாரச் சொல்லு. அடுப்படிக்கும் அதுதான். அங்கன நிக்கிறவ நீதானே."

மகன் மூஞ்சி தெளிஞ்சு போச்சு. "உன் ரூம்பையும் சேத்து மாத்திருவோம்மா"ன்னான்.

"என் ரூம்பை எவனும் தொடக் கூடாது."

ஹாலுக்குப் பாலாடை அடிச்சு முடிச்சாச்சு. வலது கண்ணுக்கு லட்சணமா இருக்கு, இடது கண்ணுக்கு இன்னும் மஞ்சத்தண்ணிதான். என் ரூம்பு நீலமாவே கிடக்கு. வர்றவக போறவக எல்லாம் ஏன்னு கேக்குறாக. மத்தியானம் படுக்கயில வலது கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பாலைப் பாக்குறேன். என்னைத் தவிர வேற யாருக்கும் தெரியாத வெள்ளை அது. அடுத்த மாசம் இடது கண்ணுக்கும் ஆபரேஷன். அதுக்கப்புறம் எனக்கும் தெரியாது. அது வரைக்கும் இருக்கட்டும். பெறகு அந்த ராசிங்காபுரத்துத் தம்பியை வரச் சொல்லி, திட்டு அடிக்கச் சொல்லி, மூணு பொழுதும் ரெண்டு கண்ணாலயும் பாத்து, என் ரூம்புக்கு எந்த வெள்ளைங்கிறதை நான்தான் சொல்லுவேன். அதுல மாத்தம் இல்லை.

ஏத்தா, எழுதிட்டியா? எங்க, முதல்ல இருந்து வாசி பாப்போம். உங்கம்மா கண்ணடிக்கிறதைச் சொல்ற இடம் வந்தா மட்டும் மெதுவா வாசி. அடுப்படிக்குக் கேட்டுரும்.