தோலோடு நிற்பவை

அந்தப் பாட்டிலை மாமா திருப்பத்தூரில் ஒரு கடையில் வாங்கி, ஜீப்பின் முன்பெட்டியில் வைத்து மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மாமா என் அக்காவின் கணவர். மலையிலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் தொழில். அக்கா அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். தை மாதத்து வறண்ட குளிர்காற்றில் அவள் கன்னங்கள் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன. சிரித்தால் எரிகிறது என்று சிரிப்பதையே குறைத்திருந்தாள். முகத்தில் தெளித்துக்கொண்டால் ஈரம் நிற்கும் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மாமா வாங்கிவிட்டார். பாட்டிலின் முன்பக்கம் தங்க நிறத்தில் பெரிதாக ‘கொலாஜன்’ என்று எழுதியிருந்தது.

நான் பொங்கல் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓசூர்ப் பக்கம் அழகுசாதனப் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எடை போட்டுக் கலப்பது, கலந்தது கெடாமல் நிற்கிறதா என்று பார்ப்பது, எதில் எது எவ்வளவு என்று எழுதுவது. வீட்டிலும் நான் இப்படித்தான். ஊருக்குப் புறப்படும்போது பையில் வைப்பதற்குக்கூடப் பட்டியல் போடுவேன் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

அக்கா இதற்கு முன் இரண்டு முறை கருவை இழந்தவள். இரண்டுமே ஐந்தாம் மாதத்துக்குள் போயின. இந்த முறை நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் ஊர் அம்மன் முன்னால் நின்று, பிள்ளைக்கு முதல் முடி இறக்கும்வரை கவிச்சி உடம்பில் சேர்த்துக்கொள்வதில்லை என்று வேண்டிக்கொண்டாள். கறி, மீன், முட்டை, கருவாடு எதுவும் இல்லை. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. மாமாவும் வீட்டில் கறி சாப்பிடுவதை விட்டுவிட்டார். கீழே இறங்கும் நாள்களில் சாப்பிட்டுவிட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்.

காலையில் களத்தில் வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் மாமியாரான அத்தை சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மாமா ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பாட்டிலை என் மடியில் போட்டாள்.

“பின்னாடி இன்னா எழுதியிருக்குதுன்னு படிடி. எறும்பு ஊர்றாப்புல இருக்குது. உங்க கம்பெனில எழுதுறவங்களுக்குப் பெருசா எழுதக் கை வராதா?”

“பெருசா எழுதுனா படிச்சிருவாங்க இல்ல” என்றார் மாமா.

அந்தச் சிறிய எழுத்துக்கு ஒரு முறை உண்டு. எது அதிகமோ அது முதலில் வரும். அப்படியே இறங்கிக்கொண்டே போகும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். இதைச் சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினேன்.

“மொதல்ல தண்ணி. இதுல முக்காலுக்கும் மேல தண்ணிதான்.”

அத்தை முறத்தை நிறுத்தாமலே மகனைக் கேட்டார். “தண்ணியவா மலை ஏத்திக்கினு வந்தே?”

“வாசன தண்ணிம்மா.”

“அடுத்தது கிளிசரின்” என்றேன். “காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துத் தோல் மேல வச்சிக்கும். காத்துல ஈரம் இல்லன்னா நம்ம தோல்ல இருக்கிறதையே இழுத்துரும். அதனால இத அடிச்சதும் மேல எண்ண மாதிரி எதையாவது பூசணும். நீ பூசுறியா?”

“யாரு சொன்னாங்க? அடிச்சி அடிச்சி வுட்டுக்கினு இருக்கேன். அதான் இன்னும் உரியுது.”

அதன்பின் ஈரம் காக்கும் இன்னொரு திரவம். அதன்பின் ஃபீனாக்சி எத்தனால். தண்ணீரில் பூஞ்சை வராமல் காப்பது அதுதான். அதை நூற்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பெயர் எனக்கு ஒரு எல்லைக்கல் மாதிரி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் சிட்டிகை அளவுதான். முன்பக்கம் தங்க எழுத்தில் இருந்த கொலாஜன், பின்பக்கம் அந்தக் கல்லைத் தாண்டித்தான் இருந்தது. படித்துவிட்டு நிறுத்தினேன்.

“அது இன்னா?” என்றாள் அக்கா.

“தோலு தொங்காம உள்ள இருந்து இழுத்துப் பிடிக்குதே, அந்த நாரு. நம்ம உடம்புல இருக்கிறதுதான்.”

“இதுல எப்பிடி வந்துச்சி?”

“எடுத்துப் போடுறதுதான்.” அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பாதி பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. “செடியில இது கிடையாதுக்கா. மீன் தோல்ல இருந்து எடுப்பாங்க. இல்லன்னா மாடு. பன்னியும் உண்டு. அத வேக வச்சி உடைச்சித் தூளாக்குவாங்க.”

“இதுல எது?”

“எழுதல.”

முறம் நின்றது. மாமா துணியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை.

“நிறுத்தாத. மிச்சத்தையும் படி” என்றாள் அக்கா.

“சோடியம் ஹையலூரோனேட். இதுவும் ஈரத்துக்குத்தான். முன்னால சேவக் கொண்டையில இருந்து எடுத்தாங்க. இப்போ பெரும்பாலும் கிருமிய வளத்து எடுக்கிறாங்க.”

அத்தை மடியிலிருந்த உமியைத் தட்டினார். “மீனு, மாடு, பன்னி, கோழி. சந்தையில கறிக்கட போடுறவன்கூட நாலையும் ஒரே கடையில வைக்க மாட்டான். என் மவன் ஒரே பாட்டில்ல வாங்கியாந்துட்டான்.”

பிறகு அக்காதான் முதலில் சிரித்தாள். கன்னம் எரிந்ததால் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“உள்ள போவுமா?”

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அங்கே போகாது என்பதுதான் வருத்தம். கொலாஜன் பெரிய பொருள். உடைத்துத் தூளாக்கினாலும் தோலுக்குள் நுழைந்து அங்கே புதிதாக எதையும் கட்டாது. மேலே மெல்லிய படலமாக நின்று, ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்துவிட்டு, முகம் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். விற்பவர்கள் சொல்லத் தயங்கும் அந்த ஒன்றுதான் அன்றைக்கு என் அக்காவுக்கு வேண்டியிருந்தது.

“பெரும்பாலும் போவாதுக்கா.”

“உன் பெரும்பாலும் எனக்கு வேணாம். உடம்புல சேருமா, சேராதா?”

அவள் அப்படிக் கேட்டதும், கேட்பது வேண்டுதலைப் பற்றி மட்டும் இல்லை என்று புரிந்தது. மூன்றாவதும் தங்காமல் போனால் ஒரு காரணம் தேடுவாள். முதல் முறை சந்தையிலிருந்து மூட்டை தூக்கி வந்ததைக் காரணமாக்கினாள். இரண்டாம் முறை, உறவில் ஒரு சாவு வீட்டுக்குப் போனதை. இந்த முறை காரணம் அவள் கன்னத்தில் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

யோசித்துத்தான் சொன்னேன். “தோலோட மேல் அடுக்கு செத்த அடுக்குக்கா. இது ரொம்ப சின்ன துணுக்கா இருந்தா அந்த அடுக்கு வரைக்கும் போவலாம். அதத் தாண்டி ரத்தத்துல சேராது. கொழந்தைகிட்டப் போவாது.”

“செத்ததுக்கு மேல செத்தது. அவ்ளோதானே” என்றார் அத்தை.

அக்கா என் மடியிலிருந்த பாட்டிலை எடுத்து அத்தையிடம் நீட்டினாள். “நீங்க வச்சிக்குங்க அத்தே. உங்களுக்குத்தான் வேண்டுதல் ஒண்ணும் இல்லையே.”

அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த சந்தை நாளன்று கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தில் இரண்டு முறை தெளித்துக்கொண்டுதான் ஜீப் ஏறினார். அக்காவுக்கு நான் வேறு முறை சொன்னேன். முதலில் முகத்தை நனைத்துக்கொள்வது. துடைக்காமல், அந்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகப் பூசுவது. நான் விடுமுறை முடிந்து கிளம்புவதற்குள் உரிவது குறைந்திருந்தது.

மாமா மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பஸ் ஏற்றிவிட வந்தபோது, “எதுனா வாங்குறதுக்கு முன்னால இனிமே உன்னக் கேட்டுட்டு வாங்குறேன்” என்றார். வழக்கமாக என்னைக் ‘கம்பெனிக்காரம்மா’ என்று சேர்த்துச் சொல்வார். அன்று சொல்லவில்லை.

பங்குனி தொடக்கத்தில் மறுபடி போயிருந்தேன். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஐந்தைத் தாண்டிவிட்டோம் என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் தெம்பு வந்திருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. புளி உலுக்கும் காலம். முற்றம் முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருந்தது. முற்பகலில் அக்கா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் நின்ற இடத்தில் தரையில் இரத்தம் இருந்தது. வலி இல்லை என்று மட்டும் சொன்னாள்.

மாமா ஜீப்பின் பின்பக்கம் இருந்த மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் பாயை விரித்தார். அத்தை அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். அவள் தலை என் மடியில் இருந்தது. மலைப்பாதையின் வளைவுகளில் மாமா அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. வண்டி கொஞ்சமும் அதிரக்கூடாது. சீக்கிரமும் போக வேண்டும். அவர் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்து நின்றது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சத்தம் முன்னால் போகாதபடி பேசினாள்.

“கொழந்த போயிருச்சின்னா, அவரு அந்தப் பாட்டிலுன்னுதான் நெனப்பாரு.”

“போவாதுக்கா. பேசாத.”

“கேளு. எனக்குச் சொன்னியே, அத அவருகிட்டச் சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லாத.”

கீழே மருத்துவமனையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். முந்தைய ஸ்கேனிலேயே நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை ஒட்டிக் கீழே இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வயிறு பெரிதாக ஆக அது மேலே ஏறிவிடும், பெரும்பாலும் அப்படித்தான் என்று சொன்னதால் நம்பிக்கொண்டிருந்தோம். ஏறவில்லை. டாக்டர் வெளியே வந்து, காத்திருக்க முடியாது, அறுவை செய்துதான் எடுக்க வேண்டும் என்றார். மாமா கையெழுத்துப் போட்டார். டாக்டர் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

“நான் வாங்கியாந்ததாலயா?”

“இல்ல மாமா.”

“அவ வேண்டிக்கினது எனக்குத் தெரியும் இல்ல. கேக்காம வாங்கிட்டேன்.”

அவரை உட்காரவைத்து வரிசையாகச் சொன்னேன். அந்தப் பாட்டிலில் முக்காலுக்கு மேல் தண்ணீர். கொலாஜன் சிட்டிகை அளவு. அது தோலோடு நின்றுவிடும், இரத்தத்தில் சேராது. அதை அவள் நிறுத்தியே இரண்டு மாதம் ஆகிறது. நஞ்சுக்கொடி எங்கே ஒட்ட வேண்டும் என்பது கரு தங்கிய முதல் நாள்களிலேயே முடிவாகிவிட்டது. அப்போது அந்தப் பாட்டில் கடையில்தான் இருந்தது. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை எங்கேயும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. வேலையில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் எதையும்விட இது குறைந்த உண்மை இல்லை.

அவர் கடைசிவரை கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. அத்தை பக்கத்தில் வந்து நின்று, “நானுந்தான் அத அடிச்சிக்கினு திரியுறேன். எனக்கு இன்னா ஆச்சி?” என்றார். மாமா அப்போதுதான் அழுதார்.

பெண் குழந்தை. எடை குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அக்கா பிழைத்தாள். ஆனால் எழுந்து வந்து பார்க்கும் நிலையில் அவள் இல்லை. முதலில் போய்ப் பார்த்தது மாமாவும் நானும்தான். கையை முழங்கை வரை கழுவச் சொன்னார்கள். குழந்தையின் தோல் ஈரக் காகிதம் போலச் சிவந்து மெலிந்திருந்தது. வயிற்றில் நரம்புகள் வெளியே தெரிந்தன. அங்கிருந்த நர்ஸ், “எண்ண, பவுடர், மை, மஞ்சள் எதுவும் கொண்டு வராதீங்க. ஊர்லேருந்து யாரு எது குடுத்தாலும் வாங்காதீங்க” என்றார்.

மாமா கண்ணாடியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“எது பட்டாலும் இவளுக்கும் மேலயே நின்னுரும் இல்ல? உள்ள போவாது இல்ல?”

அவருக்கு வேண்டிய பதில் எது என்று எனக்குத் தெரிந்தது. “இவளுக்குப் போவும் மாமா” என்றேன். “மேல் அடுக்கு இன்னும் சரியா வரல. எத வச்சாலும் உள்ள போவும். அதனாலதான் ஒண்ணும் வைக்கக்கூடாதுன்றாங்க.”

அவர் குழாயடிக்குப் போய் மறுபடி கை கழுவிக்கொண்டு வந்தார். அதன்பின் அங்கே போகும்போதெல்லாம் அவர்தான் மற்ற அப்பாக்களுக்குச் சொல்வார். வாசனை சோப்பு போடாதீங்க, கொழந்தைக்கு உள்ள போயிரும்.

குழந்தை தானாக ஒழுங்காக மூச்சு விடத் தொடங்கிய பிறகு, ஒருநாள் நர்ஸ் மாமாவைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். அறுவைக்குப் பின் அக்காவுக்கு வந்த காய்ச்சல் விடவில்லை. அதனால் அப்பாவின் நெஞ்சில் குழந்தையை வைக்கலாம் என்றார். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் மாமா உட்கார்ந்தார். குழந்தையைத் துணி இல்லாமல் அவர் நெஞ்சோடு சேர்த்து வைத்து, மேலே ஒரு போர்வையைச் சுற்றினார்கள். மலைப்பாதையில் ஓட்டும்போது இருந்தது போலவே அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். கொஞ்ச நேரம் போனதும் அந்த நரம்பு இறங்கியது.

“இன்னா கம்பெனிக்காரம்மா” என்றார், குழந்தை எழுந்துவிடாதபடி. “இது சேரும் இல்ல?”

சேரும் என்றேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னபோது, இன்றைக்குக் குழந்தையின் மேல் என்னென்ன பட்டது என்று ஒன்று விடாமல் கேட்டாள். எது அதிகமோ அதை முதலில் வைத்துச் சொன்னேன். அப்பாவின் நெஞ்சு, ஒரு பருத்திப் போர்வை, வெந்நீரில் நனைத்த பஞ்சு. அவ்வளவுதான் என்றேன்.