மண்டபத்துக்கு வந்த நாற்பதாயிரம் விருந்தாளிகள்

கோலா சாவா தோட்டத்துக் கோயில் மண்டபத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்பவள் ரோகினி. பகலில் சிரம்பானில் ஒரு கம்பெனியின் சர்வர்களோடு மல்லுக்கட்டுவாள். மாலையில் வீட்டில் உட்கார்ந்து மண்டபத்தோடு. அவள் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்க்கும். அப்படிப்பட்டவளே போன வருஷம் தேம்பித் தேம்பி அழுதாள்.

தை மாத முகூர்த்தங்களுக்கான மண்டபப் பதிவு ஒரே நாளில், காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் திறக்கும். லிங்கியிலிருந்து கெமாஸ் வரை கல்யாண வீட்டார் எல்லாரும் போனும் கையுமாகக் காத்திருப்பார்கள். போன வருஷம் சரியாக ஒன்பதுக்குத் தளம் படுத்துவிட்டது. அவள் அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் கோயில் ஆபீசில் வரிசை கட்டி நின்றவர்கள் எல்லாத் தேதியையும் வாங்கிப் போய்விட்டார்கள். அதில் அவளுடைய கல்யாணத் தேதியும் போனது.

மாப்பிள்ளை புவனேஸ்வரன், கெமாஸில் ரயில் வேலை, பரம பொறுமைசாலி. அவன் அம்மா மயிலம்மாள் அப்படியல்ல. இந்த வருஷப் பதிவு நெருங்கியதும் போன் போட்டாள்.

“நான் தாலி கட்டிக்கிட்டது அந்த மண்டபத்துல. என் மவனுக்கும் அங்கதான். இந்தத் தையும் கெடைக்கலன்னா என் அண்ணன் மவ ரெடியா இருக்கா லா!” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தளத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று தோண்டிப் பார்த்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் மனிதர்களே இல்லை. தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்கள். ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்துக்கொண்டே போவதுதான் அவற்றின் பிழைப்பு.

மண்டபத்தின் நாட்காட்டியில் ஒவ்வொரு பக்கத்திலும் ‘அடுத்த மாதம்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதற்கு முடிவே கிடையாது. கோயில் தலைவர் மணியத்தின் கண்டிப்பான உத்தரவு அது: “மங்கள காரியத்துக்குக் கடைசி மாசம்னு ஒண்ணு வைக்கக் கூடாது, புள்ள. அபசகுனம்.”

மனிதர் இரண்டு மாதம் பார்ப்பார், மூன்று மாதம் பார்ப்பார். நிரலுக்குக் கை வலிக்காதே! அது இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்றாம் வருஷத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆடி மாதத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் திதியும் நட்சத்திரமும் கணக்குப் போட்டுக் கொடுத்தே சர்வர் மூச்சிரைத்துக் கிடந்தது.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு முகம் வாடிவிட்டது. முகப்பில் ‘இன்று வந்தவர்கள்: நாற்பதாயிரம்’ என்று ஓடும் எண்ணைப் பக்கத்து ஊர் ரந்தாவ் வரை பீற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

“எல்லாம் மெஷினா? மெஷினுக்கு எதுக்கு புள்ள கல்யாண மண்டபம்?”

“அதைத்தான் அங்கிள் நானும் கேக்குறேன். எழுநூறு வருஷம் கழிச்சு யாருக்குக் கல்யாணம்?”

“முன்கூட்டியே பாத்து வைக்கிறாங்களோ என்னமோ. நம்ம மண்டபத்துப் பேரு அப்படி!”

சொல்லிவிட்டு, வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்த கோயில்காரர்களுக்குத் தளத்தைக் காட்டப் போனைத் திறந்தார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் தேநீரை முடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்க விருந்தாளிங்க வாசல அடைச்சிக்கிட்டு நிக்கிறாங்க. வீட்டுக்காரரே உள்ள போக முடியல பாருங்க,” என்றாள் ரோகினி மெதுவாக.

“சரி, தொரத்து,” என்றார் பல்லைக் கடித்தபடி. “ஆனா முடிவு மட்டும் வைக்காத!”

அவள் முடிவு வைக்கவில்லை. தளத்தின் வாசலில் நிரல்களுக்கென்றே இருக்கும் அறிவிப்புக் கோப்பில், ‘முகப்பையும் மண்டபப் படங்களையும் தாராளமாகப் பாருங்கள், மாதப் பக்கங்களுக்குள் நுழையாதீர்கள்’ என்று எழுதி வைத்தாள். மரியாதை தெரிந்தவை படித்துவிட்டு ஒதுங்கின. மரியாதை கெட்டவை முட்டி மோதின; ஒரே இடத்திலிருந்து படபடவென்று கேட்பவர்களுக்கு ‘அப்புறம் வா’ என்று மட்டும் பதில் போகும்படி செய்தாள். மனிதர்கள் ஆசைப்பட்டால் யுக முடிவு வரை பொத்தானை அழுத்தலாம்.

முகப்பில் எண் இருநூறுக்கு இறங்கியது. தலைவர் அந்த வாரம் ரந்தாவ் பக்கமே போகவில்லை.

பதிவு நாளும் வந்தது. ஒன்பது மணி. தளம் பூப்போலத் திறந்தது. சர்வர் அலுங்கவில்லை, குலுங்கவில்லை. பெற்ற பிள்ளை முதலடி வைப்பதைப் பார்க்கும் தாய்போல ரோகினி அந்த அழகில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் தன் தேதி ஞாபகம் வந்து பதறித் தொட்டாள்.

‘இந்தத் தேதியை வேறொருவர் பதிந்துவிட்டார்.’

திரை கலங்கியது. தான் திறந்து வைத்த வாசலில் தன்னைத் தவிர எல்லாரும் நுழைந்துவிட்டார்களே! அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மயிலம்மாள்.

“அத்தை...” என்று இழுத்தாள்.

“என்ன புள்ள, இந்த வருஷம் தொட்டதும் தொறந்துக்கிச்சு! நீ ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள நானே தேதியப் புடிச்சிட்டேன்.”

“அது... நீங்களா அத்தை?”

“பின்ன, உன் மெஷினா? புவன் எல்லாத்தையும் சொன்னான்.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “அப்ப உங்க அண்ணன் மக?”

“அவளுக்குப் போன வருஷமே கல்யாணம் ஆயிருச்சு லா. உன்கிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு புவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். இல்லாட்டி நீ அந்தத் தளத்த ஒழுங்கா ரிப்பேர் பண்ணியிருப்பியா?”

ரோகினி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்த்தது.