வேலியைத் திரும்ப அடுக்கியவர்கள்

மகளும் சிநேகிதிகளும் ஆடும் பகடை விளையாட்டில் கதை சொல்வது என் வேலை. அவர்கள் மோத வேண்டிய எதிரிகளையும் நான்தான் உருவாக்க வேண்டும்.

“அப்பா, போனமுறை வந்த கொள்ளைக்காரரைப் பாத்து ஒருத்தருக்கும் பயம் வரேல்லை,” என்று மகள் பகடைகளை உருட்டினாள்.

கல்லோடு கல் முட்டுகிற அதே சத்தம். நெடுந்தீவில், எட்டு வயதில் கேட்டது.

பட்டப்பகல். அப்பா கடலுக்குப் போயிருந்தார். முகத்தைத் துணியால் மூடிய நாலு பேர், கடலில் எடுத்த முருகைக்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிய எங்கள் வேலியைப் பிரித்து மூன்று மாடுகளையும் ஓட்டிப்போனார்கள். குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், அம்மா என் வாயைப் பொத்தியிருந்தார்.

மாடுகள் வெளியேறிய பிறகு அவர்கள் குனிந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து வேலியைத் திரும்ப அடுக்கினார்கள். எங்கள் தீவில் கல்லைப் பிரித்து மாட்டை வெளியே விட்டால் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். கை தானாகச் செய்யும்.

“ஐயோ, இவங்கள் எங்கட ஆக்களடா,” என்றார் அம்மா. அப்போதுதான் அவர் எழுந்து கதவைத் தாழிட்டார்.

பின்னேரம் அயலவர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். நான் கோப்பை பிடித்த கைகளையே பார்த்தேன். ஒருவர் என்னைத் தூக்கி மடியில் வைத்தார். அவர் நகங்களுக்குள் வெள்ளைக் கல்தூள்.

“பயப்பிடாதை தம்பி, கள்ளரைப் பிடிச்சுப்போடுவம்.”

“அப்பா, இந்தமுறை ஆர் வருகினம்?” என்று மகள் பகடைகளைக் குலுக்கினாள்.

“நாலு பேர். களவெடுத்துப்போட்டு வேலியைத் திரும்ப அடுக்குவினம்.”

“அதில என்ன பயம்?”

“பின்னேரம் உங்கட வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வருவினம்.”

ஒருத்தியும் பகடையைத் தொடவில்லை.