விருதுக்கு முன் வந்த வேர்க்கட்டு

பிஜித் தீவின் சூவா நகரத் திரையரங்கில் டிக்கெட் கிழிக்கும் லைசானி, இருட்டில் கைபேசியால் புதுப்படத்தைப் பதிவு செய்தவனை, ரகசியமாகத் தகவல் சொல்லிப் போலீசில் பிடித்துக் கொடுத்தாள். திருட்டுப் படங்களை ஒடுக்கிய போலீசாருக்கும் துணைநின்றவர்களுக்கும் அடுத்த வாரம் பாராட்டு விழா. அதற்கு முந்தின நாள் சார்ஜென்ட்டிடம், "என் பேர மட்டும் வாசிக்காதீங்க சார்" என்று கெஞ்சினாள். "அப்ப விருத முக்காடு போட்டுக்கிட்டா வாங்குவே?" என்று சார்ஜென்ட் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் நாலு பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பிடிபட்டவனின் பெரியப்பா எபெலி, மன்னிப்புக் கேட்கும் முறைப்படி சடங்குப் பானத்துக்கான யங்கோனா வேர்க்கட்டை அவள்முன் வைத்தார்.

"எங்க பய செஞ்சது தப்பு தாயி. ஏத்துக்கோ."

பெயர் வெளியாகுமுன்பே இவர்களுக்கு யார் சொன்னது? வேரைத் தொட்டால் பகை முடிந்தது என்று அர்த்தம். தொடாமல் விட்டால் ஊரே அவளைத்தான் பழிக்கும். விரல் நுனியால் தொட்டாள். நால்வரும் நன்றியாகக் கைகுவித்துத் தட்டினார்கள்.

எழும்போது எபெலி சொன்னார்: "நாளைக்கு விழாவுக்கு நாங்களும் வர்றோம். பய ஜாமீன்ல வந்துட்டான், அவனையும் கூட்டியாறோம்."

பகை முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லியபடி லைசானி கதவைத் தாழிட்டாள். தாழ் விழுந்ததா என்று மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.