மஞ்சள் காரின் சொந்தக்காரி

மலையிலிருந்து இறங்கும்போது ஜெயமலர் பிரேக்கைத் தேடமாட்டாள், கியரைத்தான் தேடுவாள். வளைவுக்கு முன்னால் நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. கிளட்சை மிதித்த இடதுகால் மேலே வருவதற்குள் வலதுகை தன் வேலையை முடித்திருக்கும். வளைவு முடிந்ததும் "போடா ராசா" என்று ஒரு சொல் சொல்வாள், மஞ்சள் கார் முன்னால் பாயும். சட்டம் சொன்ன வேகத்துக்கு மேலே முள் ஒருநாளும் ஏறாது. அந்த வேகத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதில்தான் அவளுடைய சந்தோஷம் முழுவதும். பக்கத்தில் கணவர் தவராஜா இருந்தால், அவர் கை மேலேயுள்ள பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"மெல்லப் போமப்பா. உமக்கென்ன விசரோ?"

"அம்பதிலதான் போறன். பயமெண்டால் கண்ணை மூடுங்கோ."

ஐம்பத்துநாலு வயது அவளுக்கு. சுவிஸில் பீல் நகரத்துக்கு மேலே, மலையில் இருக்கிற முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கையில் வெங்காய வாசம் எத்தனை தரம் கழுவினாலும் போகாது. அதனாலேயே ஸ்டியரிங்குக்கு ஒரு தோலுறை போட்டிருந்தாள். கார் பழையதாக வாங்கிய சுசுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், கையால் மாற்றுகிற ஆறு கியர். பார்வைக்குச் சின்னது. பின்னிருக்கையை மடித்தால் இரண்டு மூட்டை அரிசியும், ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழமும், கோயில் அன்னதானத்துக்குப் போகிற கிடாரமும் அதற்குள் அடங்கிவிடும். அந்தச் சுமையோடும் மலையில் மூச்சு வாங்காமல் ஏறும். அவளுக்குக் கார் ஓடத் தெரியும் என்று நம்பாதவர்கள்கூட அதை ஒருதரம் பார்த்தால் வாயை மூடிவிடுவார்கள்.

இந்த நாட்டில் தபால்காரரின் வண்டிகள் எல்லாம் மஞ்சள். எங்கள் சனம் சும்மா விடுமா? தமிழ்க்கடை வாசலில் அவள் காரை நிறுத்தினால் யாராவது ஒருத்தர் தொடங்குவார். "மலரக்கா, எங்களுக்குக் கடிதம் ஒண்டும் வரேல்லையோ?"

"வந்தது. முத்திரை ஒட்டேல்லை. திருப்பி அனுப்பிட்டன்."

கல்யாண மண்டப வாசல்களில் வேறு மாதிரி. அங்கே ஆண்கள் பெரிய ஜெர்மன் கார்களைச் சுற்றி நின்று அதன் குதிரைவலு பற்றிக் கதைப்பார்கள். அவர்களுடைய மனைவிமார் சேலை மடிப்புக் குலையாமல் மறுபக்கக் கதவால் இறங்குவார்கள். ஜெயமலர் சேலையைச் செருகிக்கொண்டு, சப்பாத்தோடு ஓட்டுநர் பக்கத்தால் இறங்கி, பிறகு நின்று செருப்பு மாற்றுவாள். "இந்த வயசில இவவுக்குப் பெடியளின்ர கார்" என்று பின்னால் ஒரு குரல் வரும். அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதானே சொல்கிறார்கள்!

இந்தக் கார் வருவதற்கு முந்திய இருபது வருடம் அவளை ஏற்றி இறக்குவதற்கு எப்போதும் யாராவது இருந்தார்கள். முதலில் தவராஜாவின் பழைய வான். அவள் இரண்டு நிமிடம் பிந்தினால் கீழே ஹோர்ன் அடிக்கும், மாடி முழுக்க யன்னல் திறக்கும். பிறகு அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை, வான் போயிற்று. அதன்பின் கூட வேலை செய்பவர்களுடைய கார். அவர்கள் சிகரெட் பிடித்து முடியும்வரை பனிக்குள் நிற்பாள். அவர்களுக்கு லீவு என்றால் அவளுக்குச் சிரமம். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போகிற முதல் பஸ் வேலை தொடங்கிய பிறகுதான் வரும். ஏற்றி இறக்குபவர்களுக்கு அவள் சிரித்த சிரிப்பையும் சுட்டுக்கொடுத்த ரோல்ஸையும் சேர்த்தால் ஒரு கலியாணவீட்டுக்குக் காணும். நாற்பத்தாறு வயதில், யாரிடமும் சொல்லாமல், ஓட்டுநர் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் தரம்தான் பாஸ்.

பழைய கார் திருத்தி விற்கிற சந்திரகுமாரின் கராஜில் கார் பார்க்கப் போனபோது, அவன் அவளுக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டோமற்றிக்கை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அவளுடைய கண் மூலையில் நின்ற மஞ்சளில் விழுந்தது.

"அக்கா, அது பெடியள் ஓடுற கார்."

"ஏன் தம்பி, பெடியளுக்கு மட்டுமோ மலை?"

ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து இறங்கியவளின் முகத்தைப் பார்த்து அவன் வேறு காருக்குக் கதையை எடுக்கவே இல்லை. "உது ரேஸ் காருமில்லை, சும்மா காருமில்லை அக்கா. சூடு இருக்கு, ஆனா சுடாது" என்றான். சீட்டுக் கட்டி எடுத்த காசை அவள் கைப்பையோடு கொண்டுபோயிருந்தாள். தன் உழைப்பில், தனக்கென்று, யாரையும் கேளாமல் அவள் வாங்கிய முதல் பொருள் அதுதான். தாலிக்கொடிகூட அவருடைய அக்கா பார்த்து எடுத்தது.

பிழை அன்றைக்கே நடந்தது.

காப்புறுதிக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கட்டணம் போடுகிற நாடு இது. சில நாட்டுக்காரருக்குக் கூட, இந்த நாட்டுக்காரருக்குக் குறைவு. ஜெயமலரும் தவராஜாவும் இன்னும் குடியுரிமை எடுக்காமல், சி என்கிற வதிவிட அனுமதியோடு இருப்பவர்கள். இங்கே பிறந்த மகன் நிருசனிடம் இந்த நாட்டின் சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தது. தவராஜாதான் வழி சொன்னார். "தம்பியின்ர பேரில போடுவம். பேரில என்ன கிடக்கு, வீட்டுக்குள்ளதானே?"

எங்கள் வீடுகளில் இது புதினமில்லை. ரெலிபோன் மகளின் பெயரில், கடை மச்சானின் பெயரில், வீடு மருமகனின் பெயரில். யாருடைய காகிதம் வசதியோ அவருடைய பெயர். உழைத்தவரின் பெயர் வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கும். ஜெயமலரும் யோசிக்கவில்லை. திரிம்பாக் ஊர்க் கோயிலில் காரின் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, ஐயர் தட்டோடு வந்து "ஆர்ற பேரில அர்ச்சனை?" என்று கேட்டபோது, தவராஜா மகனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அவளும் கைகூப்பிக்கொண்டு நின்றாள். மகன் நன்றாக இருந்தால் போதும் என்றுதான் கும்பிட்டாள், பைத்தியக்காரி.

நிருசன் கெட்ட பிள்ளை இல்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். கணக்காளர் வேலை, அமைதியான சுபாவம், தாயின் பிறந்தநாளை மறக்காதவன். பிரசாந்தினியைக் கல்யாணம் முடித்து ஒரு மணி நேரம் தள்ளி டீட்டிகோனில் தனியே குடியிருக்கிறான். போன சித்திரையில் ஒரு ஞாயிறு இருவரும் சாப்பிட வந்தார்கள். பிரசாந்தினிக்கு ஆறு மாதம். ஜெயமலர் இறால் குழம்பு வைத்திருந்தாள்.

"அம்மா, ஒரு நல்ல விசயம். புதுக் கார் எடுக்கிறம். எலெக்ட்ரிக், பெரிசு."

"நல்லது ராசா. பிள்ளை வரேக்க தேவைதானே."

"உங்கட ஸ்விஃப்ட்டைக் குடுத்தால் மாசம் கட்டுற லீசிங் காசு குறையுமாம். கார்க் கடைக்காரனுக்குப் படமும் அனுப்பிட்டன்."

அவள் அகப்பையோடு நின்றாள். "எந்த ஸ்விஃப்ட்டை?" என்று கேட்டாள். அந்த வீட்டில் இருந்தது ஒன்றுதான்.

"உங்களுக்கும் ஆறுதல்தானே அம்மா. இந்த வயசில கியர் மாத்தி, குளிருக்கு டயர் மாத்தி… நாங்கள் ஏத்தி இறக்கமாட்டமோ?"

"ஞாயிற்றுக்கிழமை விடிய ஆர் வந்து ஏத்துறது? டீட்டிகோனில இருந்து நீயோ?"

நிருசன் மனைவியைப் பார்த்தான். அவர்கள் இதை முதலே கதைத்துவிட்டார்கள் என்று ஜெயமலருக்கு அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. பிரசாந்தினி மெதுவாகச் சொன்னாள். "மாமி, நீங்கள் இனி வேலையை விடலாந்தானே? நான் திரும்ப வேலைக்குப் போகேக்க பிள்ளையை ஆரிட்ட விடுறது? நீங்கள் எங்களோட வந்து நிண்டால் எவ்வளவு நல்லது."

அப்படியென்றால் கார் மட்டுமில்லை. சமையலறையும் போகிறது, மலையும் போகிறது, மாதமுடிவில் சொந்தப் பெயரில் வருகிற சம்பளமும் போகிறது. எல்லாவற்றையும் அன்பாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அது என்ர கார்" என்றாள் ஜெயமலர்.

நிருசன் சிரித்தான். அதில் ஒரு வஞ்சகமும் இல்லை. "உங்கடதான் அம்மா, ஆர் இல்லையெண்டது? பேர் மட்டுந்தான் என்ர."

தவராஜா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பெடியன் எங்கட நல்லதுக்குத்தானே சொல்லுறான். இன்னும் கொஞ்சம் குழம்பு விடும்" என்றார். சட்டியோடு அவர் தலையில் கவிழ்க்கவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கவிழ்க்கவில்லை. ஒரு அகப்பை குழம்பை அளவாக விட்டு, இரண்டு இறாலும் வைத்தாள்.

அடுத்தநாள் வேலை முடிந்து நேரே சந்திரகுமாரிடம் போனாள். அவன் ஒரு காருக்குக் கீழே இருந்து வெளியே வந்து, கை துடைத்தபடி முழுவதையும் கேட்டான்.

"காரைப் பதிஞ்ச அவுஸ்வைஸ் தம்பியின்ர பேரிலதான் அக்கா. வித்த பத்திரமும் அவன்ர பேரில அடிச்சது. நீங்கள்தான் பக்கத்தில நிண்டு எழுத்துக்கூட்டிச் சொன்னனீங்கள்."

உண்மைதான். மகனுடைய பெயரில் ஒரு எழுத்தும் பிழைக்கக் கூடாதென்று அவள்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எண்டாலும் அவன் உங்கட பிள்ளைதானே" என்றான் சந்திரகுமார். "வேண்டாமெண்டு கெஞ்சிக் கேளுங்கோ. விட்டிடுவான்."

"விடுவான் தம்பி. கேட்டால் கட்டாயம் விடுவான்." அவள் கார்ச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். "பிறகு அது அவன் எனக்குத் தந்த கார். ஒவ்வொரு நாளும் அவன்ர புண்ணியத்தில ஓடவேணும். அது எனக்கு வேண்டாம்."

சந்திரகுமார் போய்க் காரின் முன்மூடியைத் திறந்தான். எண்ணெய் பார்க்கட்டுமா என்று கேட்டான். போகிற காருக்கு எதற்கு எண்ணெய் என்று அவள் சொல்லவில்லை, பார்க்கச் சொன்னாள்.

கார் இல்லாமல் ஞாயிறு விடிய மலையேற வழியில்லை. வேலையிடத்தில் தலைமைச் சமையற்காரியிடம் விலகல் கடிதம் கொடுத்தபோது, அந்த அம்மா கட்டிப்பிடித்து, பேரப்பிள்ளை வரப்போகிறதே என்று வாழ்த்தினாள். எல்லாரும் வாழ்த்தினார்கள். ஜெயமலர் எல்லாருக்கும் "மேர்சி" சொன்னாள். காரைப் பற்றி அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை, தபால்காரி என்று பகிடி பண்ணியவர்கள்கூட.

காரை ஒப்படைக்கிற சனிக்கிழமை நிருசன் தானே வந்து எடுப்பதாகச் சொன்னான். "நானே கொண்டுவாறன்" என்றாள். விடிய எழும்பிக் கழுவி, உள்ளே தூசு இழுத்து, மூலையில் கிடந்த அரிசிமணியைக்கூட நகத்தால் கிண்டி எடுத்தாள். டீட்டிகோனுக்கு நெடுஞ்சாலை நேரே கிடந்தது. கியர் மாற்ற ஒரு வேலையும் இருக்கவில்லை.

கார்க் கடையின் முற்றத்தில் இளம் விற்பனையாளன் ஒருவன் காத்திருந்தான். நெட்டையான சுவிஸ்காரப் பெடியன், நிருசனை விட ஒரு தலை உயரம். மஞ்சள் காரை ஒரு சுற்று ஓடிப் பார்த்த, ஜெயமலரளவே உயரமான சக ஊழியன் வந்து அவனிடம் ஏதோ சொன்னான். விற்பனையாளன் நிருசனின் கையைக் குலுக்கி, கிளட்ச் புதிது மாதிரி இருக்கிறது, இப்படி ஓடுகிறவர்களை இந்தக் காலத்தில் காண்பது அரிது என்று ஜெர்மனில் பாராட்டினான்.

"மேர்சி" என்றான் நிருசன்.

ஜெயமலர் ஒரு முழம் தள்ளித்தான் நின்றாள். நாள் முழுக்கச் சமையலறையில் அந்தப் பாஷையில் ஏச்சு வாங்கி, ஏச்சுக் கொடுத்துப் பழகியவள் அவள். ஓடினது நான்தான் என்று சொல்ல இரண்டு சொல் போதும். மகனுடைய முகத்தைப் பார்த்தாள். தாய் பக்கத்தில் நிற்கிறாள் என்ற நினைவே அவனுக்கு இல்லை. கையெழுத்துப் போடுகிற மேசையைத் தேடிக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்து, காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவதற்காக விற்பனையாளன் கதவைத் திறந்தான். குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தவனுக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"மொமென்ட்" என்றாள் ஜெயமலர்.

நிருசன் திடுக்கிட்டுத் திரும்பினான். விற்பனையாளன் காலை எடுத்து விலகி நின்றான். அவள் கதவுக்குள் குனிந்து, இருக்கைக்குக் கீழே இருக்கிற கம்பியைத் தூக்கி, தன் உயரத்துக்கு முன்னால் ஒட்டியிருந்த இருக்கையை இரண்டு கையாலும் பின்னே, அது போகக்கூடிய கடைசி இடம்வரை, தள்ளிவிட்டாள்.